ஒரு கதைக்கு

"குறுக்கை பாயாதையும், சுலக்சன். நதீஷா முடிக்கட்டும். அவா சொன்னதைத் திருப்பிச் சொல்லிப்போட்டு, பிறகு உம்மடை கருத்தைச் சொல்லும்."

மில்லிக்கனில் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. கலந்துரையாடுவது எப்படி என்று அன்ரனெற் ரீச்சர் ஒரு மாதமாகப் பழக்கியதில் கத்தல் அடங்கிவிட்டது. நிலக்சி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. இன்றும் பேசாவிட்டால் அவளுக்குப் புள்ளி போட வழியில்லை.

அன்ரனெற் அவளருகே குனிந்தாள். "கூச்சமெண்டால் 'ஒரு கதைக்கு' எண்டு தொடங்கும் அம்மா. உண்மையிலை நடந்ததெண்டு ஒருத்தரும் நினைக்காயினம்."

இன்றைய தலைப்பு, 'பெற்றோரிடம் எதை மறைக்கலாம்?'

நிலக்சி தொண்டையைச் செருமினாள்.

"ஒரு கதைக்கு... ஒரு பிள்ளை ஒரு பெடியனை விரும்புறாள். அப்பிடி ஏதுமெண்டால் கொல்லுவன் எண்டு தகப்பன் சொல்லியிருக்கிறார். அவள் அவருக்குச் சொல்லலாமோ, கூடாதோ?"

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அன்ரனெற்றுக்கு மனம் குளிர்ந்தது.

"தகப்பன் கொல்லுவன் எண்டவர். சரியோ?" என்றான் சுலக்சன். "வைஃபை பாஸ்வேர்டை மாத்தினதுக்கே என்ரை அப்பா அப்பிடித்தான் சொன்னவர். நான் இன்னும் உயிரோடைதான் இருக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சுலக்சன் சொல்லுறது, அது சும்மா வெருட்டு எண்டு," என்றாள் நதீஷா. "நானும் ஓம் எண்டுதான் சொல்லுவன். வேறை ஆரும் சொல்லித் தெரிஞ்சால்தான் அப்பாமாருக்குக் கூடக் கோவம் வரும். அவளே போய்ச் சொல்லட்டும்."

"அவர் கேக்காட்டில்?" என்றாள் நிலக்சி.

"மகள் அழுதால் எந்த அப்பா கேக்காமல் இருப்பார்?"

இருபது நிமிடம். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. முடிவை அன்ரனெற் பலகையில் எழுதினாள்: 'இன்றே வீட்டுக்குப் போய் மனம் விட்டுப் பேச வேண்டும்.' நிலக்சிக்கு முழுப் புள்ளி.

வகுப்பு கலைந்த பிறகும் நிலக்சி கதவடியில் நின்றாள்.

"ரீச்சர், நீங்களும் உதுதான் சரியெண்டு நினைக்கிறியளோ?"

"ஓம் அம்மா. எவ்வளவு வடிவாக் கதைச்சு எடுத்த முடிவு."

செவ்வாய்க்கிழமை பொலிஸ் அதிகாரி பிரியந்தன் அன்ரனெற்றின் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார்.

"நிலக்சி செத்ததை அறிஞ்சிருப்பியள். தகப்பனைப் பிடிச்சு வைச்சிருக்கிறம். ஒண்டுதான் எங்களுக்கு விளங்கேல்லை, ரீச்சர். சனிக்கிழமை உங்கடை வகுப்புக்கு அவள் கொண்டுவந்த பைக்குள்ளை உடுப்பும், அண்டைக்கு ரெண்டு மணி மொன்றியல் பஸ்ஸுக்கு ரிக்கற்றும் இருந்தது. போக வெளிக்கிட்டு நிண்ட பிள்ளை, பிறகேன் வீட்டை திரும்பிப் போனவள்?"