உமாவின் குரல்

குற்றால மலையை மேகம் மூடிக் கிடக்க, சாரல் வகுப்பு ஜன்னலில் சொட்டுகிறது. டீச்சர் பெயர் கூப்பிட்டதும், பேச்சு வராத பேராச்சி டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொடுகிறாள். "உள்ளேன் டீச்சர்" என்கிறது அது. அவளுக்காக அதில் பேசிப் பதிந்து தந்தவள் பக்கத்துப் பெஞ்சு உமா. போன மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். வகுப்பே வாசலைத் திரும்பிப் பார்க்கிறது. பள்ளியில் சத்துணவு சமைக்கும் முப்பிடாதி, உமாவின் அம்மா, மகள் போனபின் இன்றுதான் வேலைக்கு வந்தவள், அகப்பையோடு அங்கே நிற்கிறாள். "வேற குரல் மாத்திருதோம்க்கா" என்கிறார் டீச்சர். முப்பிடாதி அவரைப் பார்க்கவேயில்லை. "இன்னொருக்க அமுக்கு தாயி." பேராச்சி யோசித்து, வேறொரு படத்தைத் தொடுகிறாள். "தண்ணி தவிக்குது." முப்பிடாதி ஓடிப்போய்ச் செம்பு தளும்பக் கொண்டுவருகிறாள். தாகமே இல்லாத பேராச்சி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்கிறாள்.