நாற்பது கிராம்

மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, அங்கிருந்தபடியே தலையை நீட்டினான் தம்பி.

“இப்ப பாருக்கா.”

“நடுங்குதுடா.”

“என் போனும் ஆஃப். வேற சிக்னல் எதுவும் குறுக்க வராது. உன் போன்?”

“வாசல்லயே குடுத்துட்டுத்தான் உள்ள வந்தேன். சும்மா காரணம் தேடாத. அம்புக்குறி நிக்கல, அவ்வளவுதான்.”

எழுந்த வேகத்தில் மேசை விளிம்பு மண்டையில் இடித்தது. அவனுக்கு உறைக்கவில்லை. திரையில், மிளகளவு சிவப்புப் புள்ளியின் மேல் அசையாமல் நிற்க வேண்டிய அம்புக்குறி, மழையில் நனைந்த பூனைக்குட்டியைப் போல வெடவெடத்துக்கொண்டிருந்தது.

நாற்பது கிராம். கேம் ஆடுகிறவர்களுக்கென்றே, வயர் இல்லாமல், முதுகெல்லாம் தேன்கூடு மாதிரித் துளை போட்டு, அவனும் பட்டறைப் பையன்களும் இழைத்து இழைத்துச் செய்த மவுஸ். முந்தைய இரண்டு மாடல்களையும் இதே அறையில் இதே அக்காதான் தள்ளினாள். இதுவும் போனால் பட்டறைக்குப் பூட்டு.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி காத்திருந்தார். கடைகளுக்கெல்லாம் மொத்தமாகச் சரக்கு அனுப்புகிறவர். இன்று சாயங்காலத்துக்குள் ‘பாஸ்’ என்று வராவிட்டால் வேறு கம்பெனிக்குக் கை கொடுத்துவிடுவார்.

அவருக்கு அக்கா சொன்னால் வேதவாக்கு. கேம் போட்டிகளில் ஆடிய காலத்தில் அவளுக்கு ‘ஆணி’ என்று பட்டப்பெயர். குறி வைத்தால், சுவரில் அடித்த ஆணிதான். ஆட்டத்தை விட்டுவிட்டு இங்கே முதலாளியிடம் பரிசோதகராக வந்த பிறகு, யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று தம்பியிடம் மட்டும் இரண்டு பங்கு கறார்.

“ரிசீவர மாத்திப் பாப்போம்க்கா.”

மவுஸின் சிக்னலை வாங்கும் சட்டைப் பொத்தான் அளவு ரிசீவரை அக்கா கணினியில் சொருகினாள். நழுவியது. மறுபடி சொருகினாள்.

“இந்த ஓட்டை ஒரு சண்டி. நீயே சொருகு.”

சொருகினான். அம்புக்குறி அப்படியேதான் வெடவெடத்தது. மவுஸுக்கு அடியிலிருந்த விரிப்பை மாற்றினார்கள். ஜன்னல் வெயில் படுகிறதோ என்று திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். பையிலிருந்த மற்ற இரண்டு பீஸ்களையும் எடுத்துப் போட்டான். அவையும் அதே நடுக்கம்.

“மூணும் சொல்லி வச்சாப்ல ஆடுது. அப்ப சென்சார்தான் கோளாறு,” என்றாள் அக்கா.

“உன் பழசுல பாரேன்.”

இழுப்பறையிலிருந்து தன் பழைய மவுஸை எடுத்தாள். படிக்கல் கனம். அதை வைத்தபோது மேசையே ‘டொக்’கென்றது. அம்புக்குறி புள்ளியின் மேல் போய் நின்றது. நின்றதுதான்.

“பாத்துக்கோ.”

தம்பி கையை நீட்டினான். “ஒரே ஒரு தடவ நான் பிடிச்சுக் காட்டறேனே.”

“செஞ்சவன் கை படக் கூடாதுன்னு இந்த ரூம்ல விதி. உனக்குத் தெரியாதா? காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவனவன் மவுஸ் அவனவன் கையில நல்லாத்தான் ஓடும்.”

“பசங்க போன் பக்கத்துலயே உக்காந்திருக்காங்கக்கா. அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உன் கால்ல வேணா விழறேன்.”

“விழு. அப்பவும் நடுங்கும்.”

பழைய மவுஸாலேயே அம்புக்குறியை ‘ஃபெயில்’ கட்டத்துக்கு நகர்த்தினாள் அக்கா. அவள் விரல் அழுத்தப் போன நேரம், விதியாவது ஒன்றாவது என்று தம்பி தன் மவுஸை வெடுக்கென்று எடுத்தான். அம்புக்குறியைச் சிவப்புப் புள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினான்.

அது நின்றது. இம்மி அசையவில்லை.

“நிக்குதுக்கா. பாரு, நிக்குது.”

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “கைய எடுக்காத. பிடிச்சுட்டே இரு.”

பிடித்தான். பாறையாக நின்றது. அவள் வாங்கிப் பிடித்தாள். வெடவெடத்தது. பழையதைப் பிடித்தாள். நின்றது.

“என்னடா இது மாயமா இருக்கு?”

போன உயிர் திரும்பி வந்த வேகத்தில் தம்பி மளமளவென்று கொட்டினான். “மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல. உன் பழசு படிக்கல்லு. கை லேசா ஆடினாலும் அதோட கனமே அமுக்கிடும், வெளிய தெரியாது. இது காத்து மாதிரிக்கா. கை என்ன பண்ணுதோ அத அப்படியே ஸ்கிரீன்ல காட்டிக் குடுத்துடும். அப்ப நடுங்கறது மவுஸ் இல்ல, உன்னோட...”

அவன் கண் அவள் வலது கையில் போய் நின்றது.

அக்கா தன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையால் அதை மூடினாள்.

“மவுஸ் பாஸ்டா,” என்றாள். “அம்மாவுக்கும் அந்த நோய் வந்தப்ப முதல்ல கைதானே ஆட ஆரம்பிச்சுது?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி எழுந்து நின்று, என்ன ஆயிற்று என்று கையசைத்துக் கேட்டார். அக்கா ‘பாஸ்’ கட்டத்தை நோக்கி அம்புக்குறியை நகர்த்தினாள். தம்பி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“இல்லக்கா, மவுஸ்லதான் கோளாறு. ஃபெயில்னே போடு.”