அவசரமே இல்லம்மா

“காலையிலேருந்து காதுல அதை மாட்டிக்கிட்டு சுவரையே பார்த்துக்கிட்டிருக்க. இதுக்குப் பேரு வேலையாம்மா?” என்றார் மாமனார்.

மருமகள் காதிலிருந்த ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அவர்கள் குடியேறியிருந்த ஊரின் மொழி தெரியாத தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குப் போன் செய்து ‘தமிழ்’ என்று சொன்னால் போதும், இணைப்பு இவளுக்கு வரும். அவர்கள் கேட்பதை அதிகாரிக்கு ஊர்மொழியில் சொல்லி, அவர் பதிலைத் தமிழில் சொல்ல வேண்டும். படித்து, பரீட்சை எழுதி, குட்டிக்கரணம் போட்டு வாங்கிய முதல் வேலை. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஒருத்தரும் கூப்பிடுவதில்லை.

இப்படியே போனால் மாசக் கடைசியில் காலை நேரத் தமிழ்ச் சேவையையே நிறுத்திவிடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சமையலறையில் கணவனிடம் அதைச் சொல்லி அழுதாள்.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே!” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. மனிதருக்குப் பாம்புக் காது.

மறுநாள் அவள் ஹெட்செட்டை மாட்டியதும் மாமனார் செருப்பை மாட்டினார்.

“இந்தக் கண்றாவியை உட்கார்ந்து பார்க்க என்னால முடியாது. நான் பார்க்குக்குப் போறேன்.”

அவர் போன சற்று நேரத்தில் மணி அடித்தது.

“குப்பை வண்டி என்னிக்கு வரும்னு கேட்டுச் சொல்லும்மா,” என்றது ஒரு பெரியவரின் குரல். “அவசரமே இல்லம்மா, நிதானமா சொல்லு.”

அடுத்து இன்னொரு பெரியவர். தெருவிளக்கு எரியவில்லையாம்.

“எந்தத் தெரு ஐயா?”

“தெருவா? இரும்மா...” பக்கத்தில் யாரிடமோ கேட்டார்.

மூன்றாமவர் நூலகத்துக்குப் பேசினார். “உள்ள உட்கார்ந்து சத்தமா இருமலாமான்னு கேளு.”

அவள் கேட்டாள். நூலக அதிகாரி கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

நேற்றுவரை ஈ ஓட்டியவளுக்கு இன்று தண்ணீர் குடிக்க நேரமில்லை. அத்தனையும் பல்செட்டுக் குரல்கள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சாக்கடை அடைப்பு பற்றி ஒருவர் கேட்டபோது மாட்டிக்கொண்டாள். ஊர்மொழியில் சாக்கடைக்கு என்ன சொல்? படித்ததுதான், நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. அதிகாரி பொறுமையில்லாமல் செருமினார்.

அப்போது அந்தப் பெரியவரே அந்தச் சொல்லை மெல்லக் கிசுகிசுத்தார். உச்சரிப்பு அச்சு அசல் உள்ளூர்க்காரர் மாதிரி!

“ஐயா, உங்களுக்கு இந்த மொழி தெரியுமா?”

“எனக்கா? ஒரு எழுத்து தெரியாதும்மா!”

சாயங்காலம் கணவனிடம் புலம்பினாள். “ஆபீஸ்லேயே ஆள் வெச்சு என்னை சோதிக்கிறாங்களோன்னு பயமா இருக்குங்க.”

“வரலைன்னா அழுகை, வந்தா சந்தேகமா?” என்று அவன் சிரித்தான்.

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “முடியலைன்னா விட்டுடேம்மா. யாரு கேட்டா?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் இவர் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று மனசுக்குள் பொருமினாள்.

மறுநாளும் அதே கதை. ஒரு பெரியவர் பார்க் பெஞ்சுக்கு எப்போது பெயின்ட் அடிப்பார்கள் என்று கேட்டார். இந்தத் தடவை அவள் எங்கும் திக்கவில்லை. பதில் சொன்ன அதிகாரி போனை வைத்துவிட்டார்.

கூப்பிட்டவர் வைக்கும்வரை இவள் வைக்கக் கூடாது, அது வேலையின் சட்டம். பெரியவரோ போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. துணி உரசும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஒரு குரல்.

“என்னப்பா, தடுமாறாம சொன்னாளா?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமனார் குரல்!

“உன் மருமக என்னைவிட நல்லாவே பேசறாப்பா. நீயே ஒரு தடவை கூப்பிட்டுக் கேளேன்.”

“நான் கூப்பிட்டா குரலை வெச்சே கண்டுபிடிச்சிடுவா. அவ வேலை நிலைக்கட்டும், அது போதும் எனக்கு. சரி சரி, அடுத்து யாரு? நீ நாய் வளர்க்கிறவன்தானே, அதைப் பத்தி ஏதாவது கேளு!”