நிறுத்துங்க மாப்பிள்ளை

"மாப்பிள்ளை, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

பின்னாடி கட்டில்ல காலை நீட்டிப் படுத்திருந்த மகன் தலையில அடிச்சுக்கிட்டான்.

"அம்மா, இப்பதானே போயிட்டு வந்தே?"

"மறுபடி வருதுடா. அதுக்கெல்லாம் முன்கூட்டியே லீவு லெட்டரா குடுக்க முடியும்?"

"வண்டிக்குள்ளயே பாத்ரூம் இருக்கும்மா! அதுக்குத்தானே கேரவன் எடுத்தோம்!"

"ஓடுற வண்டியில எனக்கு வராது."

"என்ன அத்தை, மறுபடியுமா?"ன்னு மாப்பிள்ளையும் சலிச்சுக்கிட்டாரு. ஆனா வாய் சலிச்சு முடிக்கிறதுக்குள்ள கால் பிரேக்குக்குப் போயிடுச்சு. வண்டி மலைச்சுவர் பக்கமா ஒதுங்கி நின்னுது.

"சரி, நின்னாச்சு. இப்பவாவது உள்ளேயே போயேன்"ன்னான் மகன்.

"அந்த டப்பாக்குள்ள மூச்சு முட்டுதுடா"ன்னுட்டு கதவைத் திறந்து இறங்கிட்டாங்க மாமியார்.

மகளுக்கு எரிச்சலா வந்துச்சு. கல்யாண நாளுக்கு மலையைச் சுத்திப் பாக்கணும், வீட்டையே கூடக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு ஆசைப்பட்டது அவ வீட்டுக்காரர்தான். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. சமவெளியில ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, விசிலடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டினாரு.

"மலையாவது மண்ணாங்கட்டியாவது! ரோடு ரோடுதானே?"ன்னு மச்சினன்கிட்ட பெருமை வேற.

நேத்து நல்லபடியா ஏறியாச்சு. இன்னிக்கு இறங்குறாங்க. காலையில கிளம்பும்போதே அம்மா கைப்பையோட போயி முன் சீட்டுல உக்காந்துக்கிட்டாங்க.

"அம்மா, அது என் இடம்."

"நேத்து நீ உக்காந்தே இல்ல? இன்னிக்கு நான்."

கல்யாண நாள் தனக்கா அம்மாவுக்கான்னு மகளுக்கே சந்தேகம் வந்துடுச்சு. பின்னாடி போயி, பாத்திரம் கழுவற தொட்டி பக்கத்துல உம்முனு உக்காந்துக்கிட்டா. அதுலேருந்து நாலு வளைவுக்கு ஒரு தடவை, "நிறுத்துங்க மாப்பிள்ளை."

"இந்த மலையில அம்மா பாக்கி வெச்ச மரம் ஏதாவது இருக்கா அக்கா?"ன்னான் தம்பி.

மகள் போன் சார்ஜரை எடுக்க முன்னாடி வந்தா. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒரு தண்ணி பாட்டில். காலையில அவளே அம்மா கையில குடுத்தது. சீல் கூட உடைக்கல.

மகள் அதைக் கையில எடுத்துப் பாத்தா. அம்மா காப்பியும் வேண்டாம்னுட்டாங்களே?

வரவே இல்லாம இவ்வளவு செலவு எங்கேருந்து?

சர்க்கரை கிர்க்கரை இருக்குமோன்னு ஒரு பயமும் சேந்துக்கிச்சு. பாட்டிலை வெச்சுட்டு, இறங்கிப் பின்னாலேயே போனா.

பாறைக்கு அந்தப் பக்கம் அம்மா ஒரு கல்லு மேல ஜம்முனு உக்காந்திருந்தாங்க.

"போகலையாம்மா?"

"வந்தாத்தானே போறதுக்கு."

"பின்ன எதுக்கும்மா எங்க உசுரை வாங்கறே?"

"சத்தம் போடாதே. அங்க பாரு."

பாறை இடுக்கு வழியா வண்டி தெரிஞ்சுது. மாப்பிள்ளை இறங்கி நின்னு விரலையெல்லாம் மடக்கி மடக்கி விரிச்சுக்கிட்டிருந்தாரு. உள்ளங்கையை பேன்ட்டுல துடைச்சாரு. மறுபடி துடைச்சாரு. அந்தக் குளிர் காத்துலயும் சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு.

"நேத்து ஏறும்போது அவர் பக்கத்துலதானே இருந்தே? என்ன பாத்தே?"

"பள்ளத்தாக்கு... அருவி... வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன்."

"நான் பின்னாடியிருந்து அவர் கையைப் பாத்தேன். நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. பாதி மலையில விசிலும் நின்னுபோச்சு."

மகள் இடுக்கு வழியா மறுபடி அவரைப் பாத்தா.

"பயமா இருந்தா சொல்லலாம் இல்ல?"

"யாருகிட்ட? மாமியார்கிட்டயா, மச்சினன்கிட்டயா? அவ்வளவு பெருமை பேசின வாயால? நான் கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்வாரு. சொல்லிட்டு, அதைக் காட்டறதுக்காக இன்னும் வேகமா ஓட்டுவாரு."

"அதுக்காக..."

"உன் தம்பிக்கு சைக்கிளே தகராறு. உனக்கும் எனக்கும் அதுவும் கிடையாது. எனக்கு நிறுத்தச் சொல்லத்தான் தெரியும். வா, அவருக்கு இப்ப கை சரியாகியிருக்கும்."

வண்டி கிளம்புச்சு. மகள் இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பல. கண்ணாடியில தெரிஞ்ச வீட்டுக்காரர் முகத்தையே பாத்துக்கிட்டு வந்தா.

ஒரு வளைவுல எதிர்ல லாரி ஒண்ணு ரோட்டை அடைச்சுக்கிட்டு வந்துது. கேரவன் பள்ளத்து ஓரமா ஒதுங்க வேண்டியதாப்போச்சு. அலமாரிக்குள்ள தட்டெல்லாம் கடகடன்னு ஆடுச்சு. லாரி உரசாத குறையாத் தாண்டிப் போச்சு. மாப்பிள்ளையோட தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறினது இறங்கவே இல்ல.

மாமியார் வாயைத் திறந்தாங்க. அதுக்குள்ள பின்னாடியிருந்து குரல் வந்துடுச்சு.

"ஏங்க, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. எனக்கு அவசரம்."

"அக்கா, நீயுமா!" தம்பி எழுந்தே உக்காந்துட்டான். "இது என்ன, குடும்ப வியாதியா?"

மாமியார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

மாப்பிள்ளை இந்தத் தடவை சலிச்சுக்கல. இடம் பாத்து நிறுத்தி, இன்ஜினை அணைச்சாரு. ஒரு பெருமூச்சு விட்டாரு. அப்புறம் நடுவுல இருந்த பாட்டிலை எடுத்து, சீலை உடைச்சு, மாமியார் பக்கம் நீட்டினாரு.

"கொஞ்சமாவது தண்ணி குடிங்க அத்தை. இன்னும் பாதி மலை பாக்கி இருக்கு."