அவரவர் போத்தல்

"இஞ்ச பாருங்கோ அண்ணை, இதுதான் உங்கட போத்தல். வெளியில பியர், உள்ளுக்கு ஆப்பிள் ஜூஸ். ஒருத்தருக்கும் தெரியாது" என்று காதருகே சொல்லிவிட்டு நகர்ந்தான், அந்த உணவகத்தில் பரிமாறும் யோசெப்.

இரவிச்சந்திரனுக்கு மூச்சு வந்தது. ஜப்பானின் பெரிய பியர்க் கம்பெனி ஒன்றுக்கு மொன்றியலில் விற்பனைப் பிரதிநிதி தேவை. மேலாளர் ஹிரானோ ஆளோடு கூட இருந்து குடித்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பாராம். வேலை கிடைத்தால், டெப்பனர் எனும் மூலைக்கடையில் பெட்டி அடுக்கும் பிழைப்பு முடிந்தது. ஆனால் மனைவிக்கு விசா கிடைத்தால் ஆயுளுக்கும் குடிப்பதில்லை என்று நல்லூர் முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். அவள் போன மாதம் வந்து இறங்கிவிட்டாள். முருகன் தன் பங்கைச் செய்தாயிற்று.

எதிரே ஹிரானோ தன் போத்தலை எடுத்துத் தன் கிளாஸில் சாய்க்கப் போனார்.

"ஐயையோ!" என்று பதறினார் பக்கத்தில் இருந்த கம்பெனிக் கணக்காளர் சண்முகவேல். டோக்கியோவில் நாலு நாள் தங்கிய தகுதியில், ஜப்பானியக் கலாசாரத்தையே குத்தகைக்கு எடுத்தவர் அவர். "என்ன ரவி, மேனர்ஸ் தெரியாதா? ஜப்பான்ல தனக்குத்தானே ஊத்திக்கக் கூடாது. உங்க பாட்டில்லேர்ந்து நீங்க அவருக்கு ஊத்தணும். அவர் உங்களுக்கு ஊத்துவார்!"

"இல்ல சார், இஞ்ச கனடாவில அவையவை தங்கட போத்தல்ல..."

"பேசாம ஊத்துங்க!"

ஹிரானோவின் முகம் வெளுத்தது. கோபமாக்கும் என்று நினைத்த இரவிச்சந்திரன், தன் போத்தலிலிருந்து அவருக்கு ஊற்றினார். வேலை போச்சு. ஹிரானோ தன் போத்தலிலிருந்து இவருக்கு ஊற்றினார். நேர்த்தியும் போச்சு.

'முருகா, காவடி எடுக்கிறன், மன்னிச்சுக்கொள்' என்று கண்ணை மூடி ஒரு மிடறு விழுங்கினார்.

கண்ணைத் திறந்தபோது, தானும் ஒரு மிடறு குடித்திருந்த ஹிரானோ தன் கிளாஸையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி சார் நம்ம பியர்?" என்றார் சண்முகவேல், மீசையில் நுரையோடு.

"பிரமாதம்" என்றார் ஹிரானோ.

"இப்பிடி ஒரு பியர் நான் குடிச்சதேயில்லை" என்றார் இரவிச்சந்திரன், சத்தியமாக. தொண்டைக்குள் இறங்கியது பாலும் சீனியும் இல்லாத, ஆறிப்போன வெறுந்தேநீர்.

சண்முகவேல் அடுத்த போத்தலுக்குக் கை காட்டத் திரும்பிய நேரம், ஹிரானோ முன்னால் குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுங்கள். இனிமேல் எந்த விருந்தானாலும், நீங்கள் என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்!"