உட்கார வைத்த ஆட்டம்

"நின்னு ஆடுற வீடியோ கேம் பெட்டிதானே தம்பி கேட்டேன்? இது டீ மேசை மாதிரி கெடக்கே!"

கொடைக்கானல் ஏரிக்கரையில் வீடியோ கேம் கடை வைத்திருந்த ஞானவேல், 1983 சீசனுக்காகத் திரையையும் மிஷினையும் லாரியில் அனுப்பி, பெட்டி செய்யச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார். பூண்டியிலிருந்த தச்சுப் பட்டறைக்கு அவர் நேரில் வருவது இதுதான் முதல் தடவை.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தச்சர் கஸ்பார் பதறவில்லை.

"எதிர்ல உக்காருங்க சார். ஒரு ஆட்டம் போடுவோம். பிடிக்கலேன்னா வெரசா மாத்தித் தாரேன்."

மேசைக் கண்ணாடிக்கு அடியில் திரை ஒளிர்ந்தது. ஒரு ஆட்டம் நாலு ஆட்டமானது. நாலிலும் தோற்ற ஞானவேலுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

"தேனிலவு ஜோடிங்க எதிரெதிரே உக்காந்து மணிக்கணக்கா ஆடுவாங்களே! இதே மாதிரி இன்னும் ஆறு செய்ங்க. எந்த வெளிநாட்டுப் புஸ்தகத்துல பாத்தீங்க?"

"எதுலயும் பாக்கல சார். என் சொந்த யோசனை."

கஸ்பார் குனிந்து, தரையில் கிடந்த இரண்டு ஊன்றுகோல்களை எடுத்து, அக்குளில் கொடுத்து நிமிர்ந்து நின்றார்.

"செஞ்ச சாமான நானே ஆடிப் பாக்காம வெளிய அனுப்ப மாட்டேன் சார். நின்னா என் ரெண்டு கையும் இதுக்கே சரியாப் போகுது. அதான் ஆட்டத்தையே உக்கார வச்சிட்டேன்!"