பருந்து நம்பிய பொய்

ஓர் இளம் பருந்து வட்டமடிக்கப் போகும்போதெல்லாம் மூன்றாம் சுற்றிலேயே தலைசுற்றி வாந்தி எடுத்தது. தாய் இன்னும் சில நாள்தான் மீன் கொண்டுவரும். அதற்குள் அது வட்டமடித்து இரை தேடப் பழகியாக வேண்டும்.

பக்கத்துக் கிளைக் காகம் சொன்னது: "வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பறக்காதே, பாதி மீன் போதும். கீழே தரையைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார். நாளுக்கு ஒரு சுற்று கூட்டு."

"இதில் உனக்கு என்ன லாபம்?"

"ஒன்றுமில்லை."

பருந்து நம்பவில்லை. முழு மீனையும் தின்றது, அன்றும் வாந்தி எடுத்தது.

மறுநாள் காகம், "சரி, மீதிப் பாதி மீன் எனக்கு வேண்டும்" என்றது.

"அப்படிச் சொல்லு" என்ற பருந்துக்கு நிம்மதியாக இருந்தது. அன்றிலிருந்து அது காகத்தின் யோசனைப்படியே பழகியது, மீதிப் பாதி மீனைத் தினமும் காகத்துக்குக் கொடுத்தது.

பத்தாம் நாள் தலைசுற்றாமல் பத்துச் சுற்று பறந்து வந்து இறங்கியது. அப்போதுதான் மரத்தடியைக் கவனித்தது. அங்கே பத்துப் பாதி மீன்களும் எறும்பு மொய்த்துக் கிடந்தன.

"ஏன் தின்னவில்லை?"

"நீ தவிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் ஒரு பொய் சொன்னேன்" என்றது காகம்.

லாபம் எதுவும் இல்லாமல் உதவுகிற ஒன்றை எப்படி நம்புவது என்று பருந்துக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் வேறு மரத்துக்குக் குடிபோனது.